வழக்குச் செலவு

ஷாபானு வழக்கைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. ஆனால் 1985 ஏப்ரல் 23 அன்று உச்சநீதிமன்றம் அளித்த அந்தத் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் இருக்கும் ஒரு தொகையைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. மேல்முறையீட்டின் செலவுக்காகக் கணவர் மனைவிக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பத்தி.

அந்த வழக்கில் சண்டை எவ்வளவு பணத்துக்கு? மாதம் 179 ரூபாய் 20 காசுக்கு. 1932இல் திருமணம், 1975இல் வீட்டை விட்டு வெளியேற்றம், 1978 ஏப்ரலில் ஜீவனாம்ச மனு, அதே ஆண்டு நவம்பரில் தலாக். மாதம் 500 ரூபாய் கேட்டார். 500தான் அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அனுமதித்த உச்சவரம்பு. இந்தூர் நீதிமன்றம் 1979இல் மாதம் 25 ரூபாய் என்றது. அடுத்த ஆண்டு மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. அதையும் எதிர்த்துக் கணவர் டில்லிக்குப் போனார். அவர் வக்கீல். ஆண்டு வருமானம் ஏறத்தாழ அறுபதாயிரம் என்று மனுவில் சொல்லப்பட்டது. வக்கீலுக்கு உச்சநீதிமன்றம் என்பது தொழில் நடக்கும் இடங்களில் ஒன்று. அறுபதைத் தாண்டிய, சொந்த வருமானம் இல்லாத ஒரு பெண்ணுக்கு அது என்ன? பத்தாயிரத்தை 179 ரூபாய் 20 காசால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 56 மாதம் வருகிறது. மாதம் 179 ரூபாய்க்கு ஒரு பெண் உரிமை கொண்டாட, ஒரே ஒரு கட்ட மேல்முறையீட்டுக்கு மட்டும் நாலரை ஆண்டு ஜீவனாம்சத்துக்கும் மேலான தொகை செலவென்று நீதிமன்றமே கணக்குப் போட்டிருக்கிறது.

விவாகரத்தின் வரலாற்றை நாம் காரணங்களின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். எந்த ஆண்டில் எந்தக் கொடுமை காரணமாக ஏற்கப்பட்டது, எந்த மதத்துப் பெண்ணுக்கு எது கிடைத்தது என்று. செலவின் வரலாறாக அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பிரியலாம் என்று சட்டம் சொன்ன பிறகும், பிரிவதற்கான பணம் யார் கையிலிருந்து போக வேண்டும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன பதிலில், மனைவி என்பவள் யார் என்று அந்தக் காலம் நினைத்ததும் தெரிந்துவிடுகிறது.

ஆம்பூரிலிருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரு ஷூ கம்பெனியின் ஸ்டிச்சிங் லைனில் மூன்று பெண்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து அப்பர் தைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இந்து, ஒருத்தி முஸ்லிம், ஒருத்தி கிறிஸ்தவர். லுத்தரன் மிஷன் பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய ஊர் இது. மூவருக்கும் ஒரே சம்பளம், ஒரே கம்பெனி பஸ், ஒரே சூப்பர்வைசர். மூவரும் கணவனை விட்டு விலக நினைத்தால் மூன்று சட்டம், மூன்று வகைச் செலவு.

கிறிஸ்தவப் பெண்ணின் சட்டம்தான் வயதில் மூத்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம், 1857இல் இங்கிலாந்து போட்ட சட்டத்தின் இந்திய வார்ப்பு. மனைவி பிறர் உறவு கொண்டாள் என்பது மட்டுமே கணவனுக்குப் போதும். மனைவிக்கு அது போதாது. கூடவே கொடுமையையோ, கைவிட்டுப் போனதையோ, வேறு ஏதாவது ஒன்றையோ நிரூபிக்க வேண்டும். இந்தப் பாரபட்சம் பலருக்குத் தெரியும். தெரியாதது அதன் நடைமுறை. மாவட்ட நீதிபதி விவாகரத்து கொடுத்தாலும் அது முடிவல்ல. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். அதுவும் மூன்று நீதிபதிகள் அமர்வில், ஆறு மாதமாவது கழித்து. வட ஆர்க்காட்டில் ஒரு தோல் ஷாப்புத் தொழிலாளியின் மனைவி வேலூரில் ஜெயித்தாலும் அவள் காகிதங்கள் சென்னைக்குப் போய்க் காத்துக் கிடந்தன. இது 1869இலிருந்து 2001 வரை நீடித்தது. நூற்று முப்பத்திரண்டு ஆண்டு.

அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. மனைவியோடு உறவு கொண்டவனிடமிருந்து கணவன் நஷ்டஈடு கேட்கலாம். 35ஆம் பிரிவின்படி வழக்குச் செலவையும் அவன் தலையில் கட்டலாம். கணவனோடு உறவு கொண்டவளிடம் மனைவி எதுவும் கேட்க முடியாது. ஒருவன் மாட்டை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போனால் என்ன செய்வார்களோ, அதையேதான் இதிலும் செய்திருக்கிறார்கள். கிடைக்கும் நஷ்டஈட்டில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கோ மனைவியின் பராமரிப்புக்கோ ஒதுக்கலாம் என்று சட்டம் பெருந்தன்மையும் காட்டியது. இந்தப் பிரிவுகளும் 2001இல்தான் நீங்கின.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் பிடித்த, அதாவது என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற இடம் இதுதான். இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி, விவாகரத்து வழக்கில் மனைவியின் செலவையும் கணவனே கட்ட வேண்டும். கருணையால் அல்ல. திருமணமான நிமிடத்திலிருந்து அவள் சொத்து முழுவதும் அவனுடையது. அவளிடம் வக்கீலுக்குக் கொடுக்கக் காலணா இருக்காது. எனவே அவன் கட்டட்டும் என்பது தர்க்கம். இந்தியாவில் 1865ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், அதற்கு உட்பட்டவர்களிடையே, திருமணத்தால் ஒருவர் சொத்து மற்றவருக்குப் போகாது என்றது. நல்ல சட்டம்தான். உடனே கணவர்களின் வக்கீல்கள் எழுந்தார்கள்: அவள் சொத்து அவளிடமே இருக்கிறதே, பிறகு எதற்கு எங்கள் கட்சிக்காரர் அவள் செலவைக் கட்ட வேண்டும்? கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. சொத்து உண்மையில் அவள் கையில் இருந்ததா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. ஓர் உரிமையைக் காகிதத்தில் கொடுத்து, அந்தக் காகிதத்தையே காட்டி இன்னொன்றைப் பறிப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனிக்கு வரும்போது இது திரும்ப வரும்.

பம்பாயில் ருக்மாபாய் கதை பலருக்குத் தெரிந்தது. பதினொரு வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்டவர், வளர்ந்த பின் தாதாஜி பிகாஜியோடு வாழ மறுத்தார். சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி 1884இல் அவன் வழக்குப் போட்டான். 1885இல் நீதிபதி பின்ஹே தள்ளுபடி செய்தார். 1886 மேல்முறையீட்டில் அது திரும்பியது. 1887 மார்ச்சில், ஒரு மாதத்துக்குள் கணவனிடம் போக வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று உத்தரவானது. போக மாட்டேன், சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். அந்தச் சொல்லைத்தான் நாம் மேற்கோள் காட்டுகிறோம். கதை முடிந்த விதம் வேறு. 1888 ஜூலையில் தாதாஜிக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்யப்பட்டது. வழக்குச் செலவு உட்பட எல்லாக் கணக்குக்கும் அதுவே தீர்வு. அவருக்காகக் குழு அமைத்து, நிதி திரட்டி, பத்திரிகைகளில் எழுதி நடந்த நான்காண்டுப் போராட்டத்தின் இறுதியில், அவரைச் சிறைக்கு அனுப்பத் துடித்தவன் கையில் பணம் வைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்தது விவாகரத்துகூட இல்லை. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்க மாட்டேன் என்ற வாக்குறுதி மட்டுமே. அவர் 1889இல் லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனார். தாதாஜி மறுமணம் செய்துகொண்டான்.

தமிழ்ச் சாதிகள் பலவற்றில் பிரிந்து போகும் வழக்கம் சட்டத்துக்கு வெகு முன்பே இருந்தது. ‘அத்து விடுவது’, ‘தீர்த்து விடுவது’ என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் வெகு சாதாரணமாகச் சொல்வார்கள். துரும்பைக் கிள்ளிப் போட்டால் முடிந்தது என்ற முறையும் சில சாதிகளில் உண்டு. மேல்சாதியில் இல்லாத இந்தச் சுதந்திரத்தைக் கொண்டாடி எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் யார்? பெண் கேட்டுப் பிரிந்தால் பரிசப் பணம் திரும்ப வேண்டும், அபராதம் கட்ட வேண்டும், வெற்றிலை பாக்குச் செலவு வேறு. அதைக் கட்ட அப்பனோ அண்ணனோ வேண்டும். அல்லது அவளை அடுத்துக் கட்டிக்கொள்பவன் கட்டுவான். பணம் எப்போதும் ஓர் ஆண் கையிலிருந்து இன்னோர் ஆண் கைக்கே போனது. வழி திறந்திருந்தது என்பதை மறுக்கவில்லை. சுங்கம் கட்ட அவளால் முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு விவாகரத்து உரிமையையும் சொத்துரிமையையும் ஒரே மேடையில் தீர்மானமாக்கியது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதில் உள்ள அறிவு இன்னும் நமக்குப் போதிய அளவு வரவில்லை. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்து 1949இல் சட்டமானது. நாடு முழுமைக்கும் 1955இல் இந்துத் திருமணச் சட்டம். சாதி வழக்கப்படியான விவாகரத்தும் செல்லும் என்று அதன் 29ஆம் பிரிவு விட்டு வைத்தது. அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவர்மேல். இது தெரியாமல் இன்றும் எங்கள் பக்கத்தில் முத்திரைத் தாளில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி, நோட்டரி சீல் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுப் பிரித்து வைக்கிறார்கள். செலவு குறைவு, வாய்தா கிடையாது என்பதே அதன் கவர்ச்சி. வழக்கம் நிரூபிக்கப்படாவிட்டால் அந்தப் பத்திரம் நீதிமன்றத்தில் வெறும் தாள். மறுமணம் செய்த பிறகு, அல்லது கணவன் இறந்து பி.எஃப். பணம் கேட்கும்போது, அது தெரிய வருகிறது. மலிவாக வாங்கியதற்கான பாக்கியை அன்று கட்டுகிறாள்.

முஸ்லிம் பெண்ணுக்கு வருவோம். குலா என்பது மனைவி கேட்டுப் பெறும் பிரிவு. அதற்கு அவள் பெரும்பாலும் மஹரை விட்டுக்கொடுக்கிறாள். அதாவது விலை சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கணவன் சம்மதிக்காவிட்டால் ஹனஃபி முறையில் வழி மிகக் குறுகல். பிரிட்டிஷ் இந்தியாவில் சில பெண்கள் மதம் மாறினால் திருமணம் தானாக முறியும் என்று அந்த வழியைப் பிடித்தார்கள். ஒரு கொடுமைக்காரனிடமிருந்து விலகுவதற்குத் தன் மார்க்கத்தையே விலையாகக் கொடுப்பது. இந்தச் சங்கடம்தான் அஷ்ரஃப் அலி தானவி போன்ற உலமாக்களையே மாற்று வழி தேட வைத்தது. 1939இல் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் வந்தது. கணவன் நான்கு ஆண்டு காணாமல் போனால், இரண்டு ஆண்டு பராமரிக்காவிட்டால், கொடுமை செய்தால் என்று அவளுக்குக் காரணங்கள் கிடைத்தன. மஹர் உரிமை இதனால் பாதிக்காது என்றும் 5ஆம் பிரிவு சொன்னது. குலாவில் மஹர் போகும், நீதிமன்றத்தில் மஹர் நிற்கும். கணக்குப் பார்த்தால் நீதிமன்றம் லாபம். ஆனால் நீதிமன்றத்துக்குப் போய்வர ஆகும் செலவு மஹரைவிடப் பெரிதாக இருந்தால்?

அதனால்தான் பெண்கள் ஜமாத்துக்கும் காஜியிடமும் போனார்கள். முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜி தரும் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2023 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில், ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. ஜமாத்துகளில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பெண்ணின் வாழ்வைத் தீர்ப்பதை எதிர்த்துப் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா பெண்கள் ஜமாத் கட்டியதை அறிந்தவள் நான். எனவே அந்தத் தீர்ப்புகளின் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு மலிவான கதவை அடைக்கும்போது, விலை கூடிய கதவுக்கு யார் பணம் தருவார்கள் என்று எந்த நீதிபதியும் ஒரு வரி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த விலையில் நீதிமன்றக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. அது சிறு தொகை. வக்கீல் ஃபீஸ், குமாஸ்தா, வக்காலத்து ஸ்டாம்பு, நோட்டீசுக்குப் பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், நகல் மனு. அதற்கு மேல் வாய்தா. ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு நம் தலைநகரான திருப்பத்தூர் நாற்பது. காலை பத்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். பெயர் கூப்பிட்டு அடுத்த தேதி சொல்ல இரண்டு நிமிடம். அன்றைய கூலி போச்சு. கம்பெனியில் மாதம் இரண்டு லீவு போட்டால் சூப்பர்வைசர் முகம் மாறும். மூன்றாவது மாதம் லைனில் வேறொருத்தி. வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு லீவு கேட்கும் தொல்லை இல்லை; அன்று தைக்காத ஜோடிக்குக் காசும் இல்லை. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்தபோது, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல என்று 13ஆம் பிரிவில் எழுதினார்கள். செலவைக் குறைக்கும் நல்ல எண்ணம். நடைமுறையில் வக்காலத்து போடாமல் அங்கே நிற்பவர்கள் அபூர்வம்.

சட்டத்தில் இதற்கு மருந்தே இல்லையா? உண்டு, அதுவும் பழையது. இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு 1955இலிருந்தே இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் கேட்க வழி செய்கிறது. 2001இல் நாடாளுமன்றம் அடுத்தடுத்து 49, 50, 51 என்ற எண்ணுள்ள மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. முதலாவது, 24ஆம் பிரிவு மனுவை நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளுக்குள் முடிந்தவரை தீர்க்கச் சொன்னது. இரண்டாவது, 125ஆம் பிரிவின் 500 ரூபாய் வரம்பை நீக்கி, இடைக்காலத் தொகையையும் வழக்குச் செலவையும் சேர்த்தது. 1898இல் ஐம்பதாகத் தொடங்கி, நூறாகி, 1955இல் ஐந்நூறு ஆகி அங்கேயே நின்றுவிட்ட வரம்பு அது. மூன்றாவது கிறிஸ்தவர்களுக்கானது, உயர்நீதிமன்ற உறுதிப்பாடும், மனைவிக்கு இடைக்காலத்தில் கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது என்ற வரம்பும் அதோடு ஒழிந்தன. 2003இல் இந்து மனைவி தான் குடியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம் என்ற திருத்தம். பஸ் செலவைப் பற்றி நாடாளுமன்றம் யோசித்த அபூர்வமான தருணம் என்று அதைச் சொல்வேன். 125ஆம் பிரிவு எல்லா மதத்தவருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் அது உண்டு என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் அதன் எண் 144.

இலவச சட்ட உதவியும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண் என்றாலே போதும் என்கிறது. வருமானச் சான்று தேவையில்லை. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. அங்கிருந்து வரும் வக்கீலுக்கு நாம் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. ‘ஓசி வக்கீல் ஒழுங்காக நடத்துவாரா’ என்ற சந்தேகம் என் மாணவிகளின் அம்மாக்களுக்கு உண்டு. அந்த வக்கீல்களுக்கு அரசு கொடுக்கும் தொகையைப் பார்த்தால் சந்தேகம் முழுக்க அநியாயம் என்று சொல்லவும் முடியவில்லை.

இப்போது கல்கத்தா வாதம் ஆம்பூருக்குத் திரும்பும் இடம். ஷூ கம்பெனிப் பெண்ணிடம் பே ஸ்லிப் இருக்கிறது. பி.எஃப். எண் இருக்கிறது, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, சம்பளம் பேங்கில் ஏறுகிறது. கணவன் ஆட்டோ ஓட்டுகிறான், அல்லது டேனரியில் தினக்கூலி, அல்லது சின்னதாகத் தோல் வியாபாரம். கையில் வாங்கிக் கையில் செலவழிப்பவன். எழுத்தில் அவனுக்கு வருமானமே இல்லை. அவள் 24ஆம் பிரிவில் மனுப் போட்டால் எதிர்த்தரப்பு அவளுடைய பே ஸ்லிப்பையே காட்டுகிறது: சம்பாதிக்கிறவளுக்கு எதற்குச் செலவுத் தொகை? அந்தப் பிரிவு ஆண் பெண் இருவருக்கும் பொது என்பதால், அவளிடமிருந்து அவன் கேட்கவும் முடியும்.

இங்கே சட்டத்தின் சொற்களைக் கவனிக்க வேண்டும். வருமானம் இல்லாதவர் என்று 24ஆம் பிரிவு சொல்லவில்லை. தன் பராமரிப்புக்கும், வழக்கின் அவசியச் செலவுக்கும் போதுமான தனி வருமானம் இல்லாதவர் என்கிறது. ‘போதுமான’ என்ற சொல் அங்கே இருக்கிறது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், குழு லோன் தவணை எல்லாம் போக அந்தச் சம்பளத்தில் வக்கீலுக்கு என்ன மிஞ்சும் என்பதே நீதிமன்றம் பார்க்க வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. பே ஸ்லிப்பை மட்டும் காட்டிப் பேச எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்துவிட்டு, செலவு நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரக் கூடாது.

2020 நவம்பர் 4 அன்று ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் உச்சநீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. தொகையை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. வாய்தா வாங்கி இழுப்பதன் லாபம் அதில் கொஞ்சம் குறைகிறது. ஆட்டோ யார் பெயரில், வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு, வீட்டுக்கு அட்வான்ஸ் எவ்வளவு, சீட்டு எங்கே கட்டுகிறான், செல்போனுக்கு மாதம் எவ்வளவு போடுகிறான்: வருமானமே இல்லை என்று சொல்பவன் இதற்கெல்லாம் சத்தியத்தின் பேரில் பதில் எழுத வேண்டும். பொய் எழுதினால் அவளிடம் கேட்க ஆதாரம் இருக்க வேண்டும். தவணை ரசீதும் சீட்டுக் கம்பெனி பாஸ்புக்கும் அவன் சட்டைப் பையிலிருந்து துவைக்கும்போது கிடைப்பவை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.